டாலர் குறியைச் சொல்லியிருக்கலாமா?

எங்கள் பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர் கேட்டது சிறிய விஷயம். எக்செலில் விலைப்பட்டியலிலிருந்து விலையை எடுத்துவரும் ஃபார்முலா முதல் வரிசையில் சரியாக வந்தது. கீழே இழுத்ததும் சில வரிசைகளில் பிழை காட்டியது. தேடும் எல்லையும் வரிசையோடு சேர்ந்து கீழே நகர்கிறது, டாலர் குறி இட்டு அதை நிலைநிறுத்த வேண்டும் என்பது பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லாமல், “முதல் வரிசை ஃபார்முலாவையும் பிழை வந்த வரிசை ஃபார்முலாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், எது மாறியிருக்கிறது?” என்று கேட்டேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியும்தானே சார்? பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். தெரிந்தவர் உட்கார்ந்திருப்பார், தெரியாதவன் எழுந்து நிற்க வேண்டும்.”

என் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டு, வேலையும் கிடைக்காமல் வருகிறவர்களுடன் நாங்கள் இருப்பது சில மாதங்கள்தான். பிழையை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது, எதை எப்படித் தேடுவது, கிடைத்த விடையைச் சோதிப்பது எவ்வாறு என்பவை கைவந்தால்தான், நாங்கள் உடன் இல்லாத காலத்திலும் அவர்களால் கற்க முடியும். விடையைக் கையில் கொடுத்தால் அந்த ஒரு பிழை மட்டுமே தீரும்.

ஆனால் இதற்கு எதிரான வாதமும் வலுவானது. கற்பவர் எந்த அளவுக்குப் பிறரைச் சார்ந்திருக்கிறாரோ அதற்கேற்பக் கற்பிக்கும் முறையும் மாற வேண்டும் என்று கல்வி ஆய்வாளர் ஜெரால்ட் குரோ 1991-இல் எழுதினார். வழிகாட்டல் தேவைப்படும் நிலையில் இருப்பவரைச் சுதந்திரமாக விடுவது அவருக்கு உதவியாகாது. தொடக்கநிலையினர் தாமே முட்டிமோதுவதைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்து நன்றாகக் கற்கிறார்கள் என்பதை ஸ்வெல்லர், கூப்பர் என்னும் ஆய்வாளர்கள் 1985-லேயே இயற்கணிதத்தில் காட்டினார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். என் கேள்வி அந்த இளைஞரை எந்த வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பும் என்பதைத்தான் நான் அறிந்திருக்கவில்லை. அதை முன்கூட்டியே யாரால் அறிய முடியும்?

அன்று மாலைக்குள் டாலர் குறியை அவர் கண்டுபிடித்துவிட்டார். காணொளியில் பார்த்தாரா, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாரா என்பது தெரியாது. பயிற்சி முடியும்வரை அவர் என்னிடம் வேறெதையும் கேட்கவில்லை. மதிப்பீட்டில் ‘சுயமாகக் கற்கிறார்’ என்று எழுதினேன்; அவர் செய்து முடித்த வேலைகளைப் பார்த்தால் அது பொய்யும் அல்ல. எனினும், சிம்மர்மன், மார்டினெஸ் போன்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1986-இல் தன்னெறிக் கற்றல் உத்திகளை, அதாவது ஒருவர் தன் கற்றலைத் தானே நெறிப்படுத்தும் வழிகளை, பதினான்காக வகுத்தபோது, பிறரிடம் உதவி கேட்பதையும் அவற்றுள் சேர்த்தார்கள். அந்த உத்தி அவருக்குத் தேவைப்படாமல் போனதா, என்னிடம் மட்டும் அதைக் கைவிட்டாரா என்று எண்ணும்போதெல்லாம் என் விடை மாறுகிறது.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் முறை நானே செய்து காட்டி, இரண்டாம் முறை பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அவர்களிடம் விடுகிறேன். யாருக்கும் முகம் சுருங்குவதில்லை. ஆனால் அடுத்த பிழை வந்ததும், திரையை ஒருமுறை கூர்ந்து பார்க்கும் முன்பே அவர்களில் பலர் என்னை அழைக்கிறார்கள். அவர் அப்படி அழைத்ததில்லை.