கறுப்பு வீழ்படிவு எங்கிருந்து வந்தது?

நம் பள்ளியின் பழைய மாணவர் மலரைத் தயாரிக்கும் குழுவில் இருக்கும் நண்பர் போன மாதம் போன் செய்து, "தடயவியல்ல இருக்கீங்க, ஒரு கொலைக் கேஸ் எழுதுங்க, எல்லாரும் படிப்பாங்க" என்றார். நான் கையெழுத்துப் போட்ட அறிக்கைகள் எல்லாம் நீதிமன்றத்துக்குச் சொந்தம், அவற்றை எடுத்துக் கதை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் நம் பள்ளியின் கெமிஸ்ட்ரி லேபில் நடந்த ஒரு குற்றத்தை எழுதுகிறேன். குற்றவாளி நான்தான்.

1987ஆம் வருடம், நான் பிளஸ் டூ. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது, தனி மாவட்டமானது 2004இல்தான். லேபின் கடைசி ஜன்னலில் நின்றால் கோட்டை மலை தெரியும். மாங்காய்க் காலத்தில் அந்த ஜன்னல் மேடையில் உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு காகிதத்தில் மடித்துக் கிடக்கும். அது எந்தப் பகுப்பாய்வுக்கும் உரிய உப்பு இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

உப்பு பகுப்பாய்வு நினைவிருக்கிறதா? ஒரு சிட்டிகை தூளைக் கொடுப்பார்கள். நிறம் பார்க்க வேண்டும், சூடாக்க வேண்டும், சுடர் சோதனை செய்ய வேண்டும், நீர்த்த அமிலம் ஊற்ற வேண்டும், அடர் அமிலம் ஊற்ற வேண்டும். கடைசியில் அமில மூலம் எது, கார மூலம் எது என்று எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் ஒழுங்காகச் செய்தவன் யார்? லேப் அட்டெண்டர் அண்ணனுக்கு ரெண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தால் போதும், "உனக்குக் காப்பர் சல்பேட்டு" என்று காதோடு சொல்லிவிடுவார். அப்புறம் என்ன, விடை தெரிந்துவிட்டது. கைடைத் தலைகீழாகப் பிடித்து, அந்த விடைக்கு என்னென்ன சோதனை என்ன பலன் தரவேண்டுமோ அதையெல்லாம் "கண்டறிந்தவை" என்ற கட்டத்தில் வரிசையாக எழுத வேண்டியதுதான்.

நானும் எழுதினேன். பச்சை நீலச் சுடர் வந்தது என்றேன். பேரியம் குளோரைடு சேர்த்ததும் வெண்ணிற வீழ்படிவு, அதாவது கரைசலில் பிரிந்து அடியில் படியும் திடப்பொருள், வந்தது என்றேன். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தியதும் கறுப்பு வீழ்படிவு என்று அடிக்கோடு போட்டு எழுதினேன்.

சார் ரெக்கார்டைப் பார்த்தார். மெதுவாகத்தான் பார்ப்பார், பேனா மூடியைக் கழற்றவே அரை நிமிடம் ஆகும். "விடை சரி" என்றார். நான் நோட்டை வாங்கக் கை நீட்டினேன். "கிப் கருவியில இரும்பு சல்பைடு தீர்ந்து மூணு நாளாச்சு. இந்தக் கறுப்பு வீழ்படிவு உனக்கு மட்டும் எங்கிருந்துடா வந்துச்சு?"

இரும்பு சல்பைடில் இருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைத் தயாரிப்பது அந்தக் கருவிதான். அந்த வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் அந்த வாரம் லேபில் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்துக்குச் சுழியம் போட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் "பார்த்ததை எழுது" என்று எழுதினார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கரையான் அரித்தது போக அந்தப் பக்கம் தப்பித்திருக்கிறது.

இதற்கும் தடயவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எனக்கே அது புரியப் பத்து வருடம் பிடித்தது.

ஊரிலேயே பி.எஸ்சி. வேதியியல் முடிக்கும் சமயம் 1991 மே மாதம் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் சம்பவம் நடந்தது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன், சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் உடல் பாகங்களையும் வைத்து, குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்று நிறுவினார். பின்னாளில், 2000இல், அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. டீக்கடையில் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதுவரை வேதியியல் என்றால் டீச்சர் வேலை அல்லது ஓசூர் சிப்காட் கம்பெனி வேலை. மூன்றாவதாக ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. 1849லேயே சென்னையில் அரசு இரசாயனப் பரிசோதகர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, சந்தேக மரணங்களில் விஷம் தேட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதையும், உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது என்பதையும், அதன் வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் என்பதையும் பிறகு படித்தேன். முறைக்குப் பெயர் மட்டும் அவர்களுடைய ஆங்கிலேய மேலதிகாரியின் பெயர். சரி, அது பழைய கதை.

மேற்படிப்புக்கு மத்தியப் பிரதேசம் சாகர் போனேன். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1959லேயே குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் துறை தொடங்கியிருந்தார்கள். நம் ஊருக்கு ரயில் கிடையாது, பஸ் பிடித்து ஜோலார்பேட்டை, அங்கிருந்து சென்னை, சென்னையில் டில்லி ரயில் ஏறி பீனாவில் இறங்கி இன்னொரு ரயில். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு நாக்பூர் தாண்டும்போது தீர்ந்தது. இந்தியும் தெரியாது. அந்த இரண்டு வருடத்தைப் பற்றி எழுத இந்த மலர் போதாது.

திரும்பி வந்து ஓர் ஆய்வகத்தில் நச்சுப் பிரிவில் சேர்ந்தேன். பிரேதப் பரிசோதனையில் எடுத்த உள்ளுறுப்புகள் கண்ணாடி ஜாடிகளில் கெட்டி உப்புக் கரைசலில் வரும். ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் பல விஷங்களைப் பிரித்தெடுக்கவே முடியாது, அதனால்தான் சாதாரண உப்பு. ஜாடியோடு போலீஸ் கடிதமும் வரும். அந்தக் கடிதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. "ஒடுவன் தழையை அரைத்துக் குடித்ததாகத் தெரிகிறது" என்று எழுதியிருப்பார்கள்.

ஒடுவன் நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஆடு மாடுகூட வாய் வைக்காது. அதன் விஷம் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கீழே இறக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்து, இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். மாற்று மருந்து இல்லை. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் ஆர்செனிக்குக்கு ஒரு அத்தியாயம் இருக்கும், ஒடுவனுக்கு அடிக்குறிப்புகூட இருக்காது. அப்படி ஒரு ஜாடி என் மேசைக்கு வந்தது. சாற்றைப் பிரித்து, கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டில் ஓடவிட்டு, புற ஊதா விளக்கில் பிடித்தேன். நீலமாக ஒரு புள்ளி மினுங்கியது. மங்கல்தான், ஆனாலும் எனக்குத் தெரிந்தது. ஒடுவன் உள்ளது என்று எழுதி மேலே அனுப்பினேன்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மேடம் என்னைக் கூப்பிட்டார். "கடிதத்தைப் படிச்சிட்டுத் தட்டைப் பார்த்தீங்களா, தட்டைப் பார்த்துட்டுக் கடிதத்தைப் படிச்சீங்களா?" பதில் சொல்ல முடியவில்லை. உறுப்பே சேர்க்காமல், கரைப்பானை மட்டும் வைத்து இன்னொரு தட்டு ஓட்டச் சொன்னார். அதிலும் அதே நீலப் புள்ளி. கரைப்பானில் இருந்த அழுக்கு அது. முழுதாகத் திரும்பச் செய்தபோது கிடைத்தது வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. தானே குடித்தது வேறு, இன்னொருவர் கலந்து கொடுத்தது வேறு, எந்தப் பாட்டில் யார் வீட்டில் இருந்தது என்பது வேறு. அந்த ஒரு வரியை நான் தவறாக எழுதியிருந்தால் விசாரணையே வேறு வீட்டு வாசலுக்குப் போயிருக்கும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் எழுதவில்லை, உண்மையாகவே பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். பஜ்ஜி வாங்கிக் கொடுத்து விடை தெரிந்துகொண்ட காலத்தில் கறுப்பு வீழ்படிவை எழுதினேன். இப்போது விடை தெரிந்ததால் நீலப் புள்ளியைப் பார்த்தே விட்டேன். இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒடுவனைத் தேடித்தான் பிறகு ஸ்காட்லாந்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தேன், பட்டம் வாங்கியதும் இங்கேயே கற்பிக்கத் தங்கிவிட்டேன். இந்த நாட்டில் ஒரு ஆள்கூட அந்தத் தழையைத் தின்றதில்லை என்று சக ஊழியர்கள் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். நான் வந்த பிறகுதான் என்னுடைய வியாதிக்குப் பெயர் கிடைத்தது: சூழல் சார்பு, அதாவது முன்பே காதில் விழுந்த தகவல் கண்ணைத் தன் பக்கம் இழுப்பது. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகையை அமெரிக்காவில் ஒரு வழக்கறிஞருடையது என்று எஃப்பிஐ வல்லுநர்கள் உறுதியாகச் சொல்லிக் கைது செய்தார்கள். அவருடையது இல்லை என்று ஸ்பெயின் போலீஸ் காட்டியது. 2006இல் இட்டியேல் டிரோர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு வேலை செய்தார்கள். ஐந்து கைரேகை வல்லுநர்களிடம், அவரவர் முன்பு பொருந்துகிறது என்று சொல்லியிருந்த ரேகைகளையே கொடுத்து, இது அந்த மாட்ரிட் தவறு என்று மட்டும் சொன்னார்கள். ஐந்தில் நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றினார்கள். எல்லோரும் அனுபவசாலிகள்.

என் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் வைக்கும் முதல் பிராக்டிகல் நம் பள்ளியில் இருந்து எடுத்ததுதான். ஒரே வெள்ளைத் தூள், வெவ்வேறு போலீஸ் கடிதங்கள். பாதிப் பேர் கடிதம் சொன்னதைக் கண்டுபிடிப்பார்கள். அப்புறம் கடிதத்தைக் கொடுக்காமல் மறுபடி செய்யச் சொல்வேன். அறையில் ஒரு மாதிரி அமைதி வரும், எனக்குப் பிடித்த அமைதி அது.

இங்கே இன்னொரு வேடிக்கை. சுடர் சோதனையில் செக்கச் செவேலென்று எரியுமே ஸ்ட்ரான்ஷியம், அதற்குப் பெயர் வந்ததே ஸ்காட்லாந்தில் உள்ள ஸ்ட்ரான்ஷியன் என்ற சின்ன ஊரால். அங்கிருந்த ஈயச் சுரங்கத்துக் கல்லில்தான் அதைக் கண்டார்கள். குடிக்கிற நீரிலும் தின்கிற தானியத்திலும் இருந்து அது கால்சியத்தோடு சேர்ந்து பல்லின் எனாமலில் தங்கிவிடும். அடியில் இருக்கும் பாறை எவ்வளவு பழையதோ அதற்கேற்ப அதன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) விகிதம் மாறும். எனாமல் ஒருமுறை உருவாகிவிட்டால் அப்புறம் மாறாது. அடையாளம் தெரியாத எலும்புக்கூடு கிடைத்தால், அந்த ஆள் சின்ன வயதில் எந்த மாதிரி நிலத்தில் வளர்ந்தார் என்று பல் சொல்லும்.

என் ஞானப்பல்லைப் பிடுங்கிய வருடம், இந்தத் துறையில் வேலை செய்யும் ஒரு சக ஊழியரிடம் பெயரில்லாமல் ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தேன். ஞானப்பல்லின் எனாமல் ஏறக்குறைய 8 வயதில் இருந்து 15 வயதுக்குள் உருவாகிறது. அதாவது நான் நம் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன வருடங்கள். பல்லில் பழுப்புக் கறை வேறு. இங்குள்ள பல் டாக்டர்கள் அதைப் பார்த்துச் சின்ன வயதில் ஏதோ மாத்திரை சாப்பிட்டாயா என்பார்கள். நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் வகுப்பில் பாதிப் பேர் சிரித்தால் அந்தக் கறை தெரியும். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் அதைத் தாண்டித்தான் குடித்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்காவது பல் வெள்ளையாக இருக்கட்டும்.

அவர் எழுதித் தந்த அறிக்கை ஒரு பக்கம்தான். மிகப் பழைய பாறை நிலம், பிரிட்டனில் வளர்ந்தவருடையது என்று கொள்ள இடமில்லை, ஃபுளோரைடு மிகுந்த நீர். எந்த ஊர், எந்த நாடு என்று எழுதவில்லை. ஐசோடோப்பு ஒரு இடத்தை விலக்கும், இதுதான் என்று விரல் நீட்டிச் சொல்லாது. 250 கோடி வருடப் பாறையில் உட்கார்ந்திருக்கிறது நம் ஊர் என்று நான் சொன்ன பிறகு, அவர் அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

நம் பிள்ளைகள் சிலர் இந்தப் படிப்பைப் பற்றி மின்னஞ்சலில் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம்: முதல் பட்டம் வேதியியல், இயற்பியல், உயிரியல் என்று ஏதாவது ஒன்றில் ஊன்றிப் படியுங்கள், தடயவியலை அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி எடுக்கிறது. ஆசிரியராக வேண்டுமென்றால் நெட் தேர்வில் தடய அறிவியலுக்குத் தனித் தாளே இருக்கிறது. குஜராத்தில் தொடங்கிய பல்கலைக்கழகம் 2020இல் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமாக மாறிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும் என்று இருக்கிறது. மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த ஐந்து வருட அவகாசம் உண்டு, ஆட்கள் வேண்டியிருக்கும். வெளிநாடு வந்துதான் தீரவேண்டும் என்று இல்லை. இங்கே இங்கிலாந்தில் அரசின் தடய அறிவியல் நிறுவனத்தையே 2012இல் மூடினார்கள். டிவி தொடரைப் பார்த்துச் சேர்ந்த பிள்ளைகள் பலர் இங்கே வேறு வேலைதான் பார்க்கிறார்கள்.

போன வருடம் ஊருக்கு வந்தபோது சாரைப் பார்க்கப் போனேன். காவேரிப்பட்டணம் தாண்டி அவருடைய மாந்தோப்பு. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திடமாக இருக்கிறார். செந்தூரா ஒன்றை அறுத்துக் கொடுத்தார். கிப் கருவிக் கதையை உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் சார், ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்குக்கூட உங்களைத் தெரியும் என்றேன். நோட்டுப் பக்கத்தின் படத்தையும் போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"நான் எங்கடா கிப்பைப் போய்ப் பார்த்தேன்?" என்றார். "சல்பைடு தீர்ந்து மூணு நாளாச்சுன்னு அட்டெண்டர்தான் வந்து சொன்னாரு."