பிரிட்டனில் கடன் வேண்டுமா, முதலில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள்

சிங்கப்பூரில் எங்களோடு இருந்துவிட்டு மான்செஸ்டருக்கு வேலைக்குப் போன அக்கா மகனுக்கு, தவணையில் போன் தர மறுத்துவிட்டார்கள். சம்பளம் வருகிறது, பாக்கி எதுவும் இல்லை, அப்புறம் ஏன்? அங்கே எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ் போன்ற, கடன் கேட்பவரின் விவரங்களைத் திரட்டித் தரும் நிறுவனங்கள் பேரையும் முகவரியையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன, அதில் அவன் பேர் இல்லை. இங்கே சிங்பாஸ் என்ற அரசு மின் அடையாளம் வழியாகவே விவரம் போய்விடுவதால் நமக்கு இது தோன்றுவதே இல்லை.

இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், முறையான விசாவில் அங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் இணையத்தில் இலவசமாகப் பதியலாம். பதிந்தாலே கடன் உறுதி என்றில்லை, ஆனால் முகவரி பிடிபடாமல் தள்ளிவிடுவது குறையும். விளம்பரத் தொல்லைக்குப் பயந்தால் யாரும் விலைக்கு வாங்கக்கூடிய திறந்த பட்டியலிலிருந்து மட்டும் விலகுங்கள், முழுப் பட்டியலில் இருந்தால் போதும்.

சிங்கப்பூர்க் குடிமக்கள் மட்டும், வெளிநாட்டில் ஓட்டுப் போடுவது பற்றி, குடியுரிமைப் பறிப்பைச் சொல்லும் நம் அரசமைப்புச் சட்டத்தின் 135ஆம் பிரிவைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.