38 பக்க குடல் பாக்டீரியா ரிப்போர்ட்டும் கையில் இல்லாத ஒரு தாளும்

மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் போன வருஷமே முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு நான் பட்ட அலைச்சலைத்தான் எழுதுகிறேன்.

கீமோ தொடங்கும்போது 63 கிலோ இருந்தேன். புற்று திரும்பாமல் இருக்க தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை என்று எழுதிக்கொடுத்து அனுப்பிய பிறகும் ஏறிக்கொண்டே போய், தீபாவளிக்கு 71. எனக்கு மாதவிடாய் நின்று ஆறு வருஷமாகிறது. இந்த வயதில் எடை கூடுவது இந்தப் புற்றுக்கு நல்லதல்ல என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஓ.பி.யில் கேட்டால், "சாப்பாட்டைக் குறைங்கம்மா" என்று ஒரு வரி, உடனே அடுத்த டோக்கன்.

அந்த நேரத்தில்தான் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மல சாம்பிள் அனுப்பினால் குடல் பாக்டீரியாவைப் பார்த்து, எடை ஏன் ஏறுகிறது, புற்று வாய்ப்பு எப்படி என்றெல்லாம் சொல்வார்களாம். 11,500 ரூபாய். மகளிடம்கூடச் சொல்லாமல் கட்டினேன்.

முதல் சாம்பிள் வீண். பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த மாத்திரை குடலில் இருக்கும் கிருமிகளையும் சேர்த்துக் கொல்லும், கணக்கே மாறிவிடும். கிட்டில் இருந்த தாளில் பொடி எழுத்தில் அது இருக்கிறது. பணம் வாங்கும்போது யாரும் கேட்கவில்லை. மறு கிட்டுக்கு 1,800 ரூபாய். ஆறு வாரம் கழித்து 38 பக்க ரிப்போர்ட் வந்தது, முழுக்க கலர் வட்டங்கள். எனக்குப் புரிந்தது கடைசிப் பக்கம் மட்டும்தான்: அவர்களே விற்கும் புரோபயாடிக் பவுடரை, அதாவது நல்ல பாக்டீரியா கலந்த பொடியை, மூன்று மாதம் சாப்பிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் வேறொரு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டரிடம் காட்டப் போனேன். அவர் அதைப் புரட்டவே இல்லை. "ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 ரிப்போர்ட் எங்கேம்மா?" என்றார். கட்டி ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களால் வளர்கிறதா, ஹெர்2 என்ற புரதம் அதில் அதிகமா என்று சொல்லும் சோதனைகள் அவை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பயாப்ஸி ரிப்போர்ட் பார்க்கவும்' என்று மட்டும் இருந்தது. அந்த ரிப்போர்ட் என்னிடம் இல்லை.

பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷனுக்கு மூன்று தடவை போனேன். முதல் நாள், அட்மிஷன் நம்பர் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். இரண்டாம் நாள், மனு எழுதிக் கொண்டு வா என்றார்கள். மூன்றாம் நாள், கையெழுத்துப் போடுபவர் லீவு. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர், "நேரா லேப்ல கேளுங்க, அவங்ககிட்ட காப்பி இருக்கும்" என்றார். பத்து நிமிஷத்தில் கைக்கு வந்தது. அந்த அக்காவை நான் மறக்க மாட்டேன். பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்றே அந்தத் தாளை வாங்கி, மூன்று ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

தாளைப் பார்த்த பிறகு டாக்டர் இருபது நிமிஷம் பேசினார். என்னுடையது ஈஸ்ட்ரோஜனால் வளரும் கட்டி. மாதவிடாய் நின்றதும் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய விட்டுவிடும், ஆனால் உடம்பின் கொழுப்பு அரோமட்டேஸ் என்ற நொதியை வைத்து அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். எடைக்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பில் முக்கியமானது அதுதான். லெட்ரோசோல் அந்த நொதியைத்தான் தடுக்கிறது. அப்புறம் குடல். வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் ஒரு சர்க்கரைப் பொருளோடு கட்டி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. அங்கே சில பாக்டீரியாக்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும், ஈஸ்ட்ரோஜனில் ஒரு பங்கு திரும்ப ரத்தத்தில் சேரும். ஆராய்ச்சி நடக்கிற விஷயம் இது, பொய் இல்லை. ஆனால் ஒரு சாம்பிளை வைத்து உங்களுக்குப் புற்று திரும்புமா என்று சொல்ல இன்றைக்கு வழி இல்லை என்றார். பவுடரை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். கீமோ நடக்கும்போது ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருந்தால் புரோபயாடிக் ஆபத்தாகவும் முடியலாமாம், கேட்காமல் தொடக்கூடாது.

டயட்டீஷியன் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருவார். தெரியாமல் புதன்கிழமை போய் பஸ் காசு போனது. அவர் இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. நம் நாட்டவருக்கு 23 தாண்டினாலே கூடுதல் எடை, எனக்கு 29. ஒரு வேளை சோற்றைப் பாதியாக்கி கீரை, அவரைக்காய், கம்பு, சுண்டல் சேர்க்கச் சொன்னார். நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி நார்ச்சத்துதான், பவுடர் வேண்டாம் என்றார். முதல் நாளே ஒரு பெரிய கிண்ணம் சுண்டல் சாப்பிட்டு ராத்திரி முழுக்க வயிறு உப்பிக் கிடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும் என்பதால் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் கேட்டு எடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானேதான் கேட்டேன்.

நாலு மாதமாகிறது. போன வெள்ளிக்கிழமை 67.2 கிலோ. டயட்டீஷியன் என் அட்டையில் அதை எழுதிவிட்டு, அடுத்த தடவை மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அன்று ராத்திரிதான் அந்த 11,500 ரூபாயைப் பற்றி அவளிடம் சொன்னேன்.