கறை இல்லம்மா, குறி

பன்னிரண்டு வருடம் ஒரு சின்ன வரலாற்றுக் கூடத்தில் வேலை பார்த்தேன். வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில், ஒரு பழைய வீட்டின் மாடியில் இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். கீழே அச்சகம். எனக்குக் கொடுத்த முதல் வேலை வாசல் பலகை. மாதப் பிறப்பன்று கூடத்துச் செய்தியையும் புதிய கண்காட்சி விவரத்தையும் சாக்பீஸால் அதில் எழுத வேண்டும்.

நான் எழுதிய முதல் பலகை எனக்கு இன்னும் மனப்பாடம். ‘வட சென்னையின் துணித் தொழில் மரபு: சிறப்புக் கண்காட்சி. காலை 10 முதல் மாலை 5 வரை. அனுமதி இலவசம். அனைவரும் வருக.’ அந்த மாதம் பதினோரு பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் ஏற்கெனவே எங்களுக்குத் தெரிந்தவர்கள்.

எனக்கு அது புரியவே இல்லை. துணி என்றால் இந்தப் பக்கத்து மண்ணோடு கலந்த விஷயம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தக் கடற்கரையில் இடம் வாங்கியதே துணி வியாபாரத்துக்காகத்தான். நெய்த துணியைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் வெளுக்க வேண்டும், வெளுத்ததைக் காயப்போட வெட்டவெளி வேண்டும், தண்ணீர் வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர் பக்கம் போனால் காலடிப்பேட்டை. கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட்பேட்டை என்ற பெயர் ஜனங்களின் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. பிறகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் வந்தன. 1920இல் இரண்டும் ஒன்றாகி பி அண்ட் சி மில் ஆனது. எங்கள் பக்கத்தில் பின்னி மில் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அங்கே நெய்த காக்கி டிரில் துணி பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போனது. 1996இல் மில் மூடியது. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. இவ்வளவும் நடந்த ஊரில், துணியைப் பற்றிய கண்காட்சிக்குப் பதினோரு பேர்.

எங்கள் பொறுப்பாளர் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பலகையைப் படித்துப் பார்த்தார். “யார்கிட்ட பேசுறீங்கம்மா? பலகை தெருவைப் பாத்து நிக்குது” என்றார்.

அடுத்த மாதம் இப்படி எழுதினேன்: ‘உங்கள் வீட்டில் பின்னி மில்லில் வேலை பார்த்தவர் உண்டா? அவருடைய பில்லை, சாப்பாட்டுத் தூக்கு, சட்டை ஏதாவது பரணில் கிடக்கிறதா? மாடிக்குக் கொண்டு வந்து காட்டுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.’

மூன்றாம் நாளே வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் பொருளைவிடப் பேச்சைத்தான் அதிகம் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் சங்கைப் பற்றிய பேச்சு. மில் சங்கு ஊதினால் வீட்டில் கடிகாரம் தேவையில்லை. முதல் சங்குக்கு உலை வைக்க வேண்டும், அடுத்த சங்குக்குள் நைனா தெரு முனையைத் தாண்டியிருக்க வேண்டும். மில் மூடிய பிறகும் கொஞ்ச நாள் ஆயா அதே நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டிருப்பாள் என்று ஒரு பெண் சொன்னாள். சங்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாதே என்று அன்றைக்கு எனக்கு ஏக்கமாக இருந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதி, வரிசையின் முதல் அட்டையாக மாட்டினோம்.

ஒருவர் பித்தளைப் பில்லை ஒன்று கொண்டுவந்தார். அவருடைய அப்பாவின் நம்பர் பில்லை. தங்கம் மாதிரி மின்னியது. “புளி போட்டு ரெண்டு நாளா தேச்சேன் சிஸ்டர், மூசியத்துல வெக்கறதுன்னா சும்மாவா” என்றார். கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நான்கு எண்ணில் கடைசி இரண்டு மழுங்கியிருந்தன. முதுகுப் பக்கம் ஏதோ கீறியிருந்த தடம் மட்டும் தெரிந்தது, என்ன என்று படிக்க முடியவில்லை. முப்பது வருடம் ஒரு மனிதன் சட்டையில் குத்தியிருந்த பொருள். அவன் விரல் பட்டுப் படிந்த நிறம் முழுக்கப் புளித்தண்ணீரோடு போய்விட்டது. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றிலிருந்து எல்லாப் பலகையிலும் ஒரு வரி சேர்த்தேன்: ‘தேய்க்காமல், துவைக்காமல், இருக்கிற மாதிரியே கொண்டு வாருங்கள்.’ அந்த வரியைப் படித்துவிட்டு வந்து நின்று காரணம் கேட்டவர்கள் நிறையப் பேர்.

சரி, சட்டைக்கு வருகிறேன்.

மாதவரத்துக்கு வீடு மாறிப் போகிற ஒரு குடும்பத்துப் பையன், பாலிதீன் கவரில் ஒரு காக்கி அரைக்கைச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்ததாம். தாத்தாவுடையதா, தாத்தாவின் தம்பியுடையதா என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் நான் எழுதினேன்: ‘காக்கி டிரில் அரைக்கைச் சட்டை. இடப் பக்கப் பை கிழிந்து கையால் தைக்கப்பட்டது. மூன்றாவது பித்தான் வேறு நிறம். கழுத்துப் பட்டியின் உட்புறம் கறுப்புக் கறை.’ பசை ஒட்டக் கூடாது என்பதால், எண்ணை ஒரு துண்டு நாடாவில் எழுதி, உள் தையலில் இரண்டு தையல் போட்டு வைத்தேன். கடற்காற்று அடிக்கிற ஊரில் பழைய துணிக்கு ஈரமும் எதிரி, வெளிச்சமும் எதிரி. பழைய துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அந்த அறையின் ஜன்னலுக்கு எப்போதும் திரை போட்டிருப்போம். கறையை மட்டும் மெதுவாக எடுத்துப் பார்க்கலாம் என்று காய்ச்சி வடித்த தண்ணீரும் மெல்லிய பிரஷும் வாங்கி வைத்திருந்தேன்.

அச்சகத்துக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா ஒருத்தர் உண்டு. பலகை அவர் கண்ணுக்கு நேரே இருக்கும். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு நாள் மத்தியானம், கரி அணைந்த நேரத்தில், மேலே ஏறி வந்தார்.

“இன்னாம்மா, சட்டை சட்டைன்னு எழுதிக்கீறே. காட்டு பாப்போம்.”

மேஜைமேல் விரித்திருந்ததைக் காட்டினேன். அவர் தையலைப் பார்க்கவில்லை, பையைப் பார்க்கவில்லை. கட்டை விரலால் கழுத்துப் பட்டியைத்தான் திருப்பினார்.

“கறையை எடுக்கணும்மா” என்றேன்.

“கறை இல்லம்மா, குறி.”

குனிந்து பார்த்தேன். அவர் சொன்ன பிறகுதான் அது தெரிந்தது. இரண்டு சாய்ந்த கோடு, அவற்றின் அடியில் ஒரு புள்ளி, கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. ஓரம் பரவியிருந்ததால் என் கண்ணுக்கு எல்லாம் ஒரே அழுக்காகப் பட்டிருக்கிறது.

சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசிகிற பாலைத் தொட்டுத் துணியில் போடுவார்களாம். மேலே துளி சுண்ணாம்பு வைத்தால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும், அவருடைய மாமியாருக்கு விரல் நுனியெல்லாம் தழும்பு. உவர்மண் போட்டு வெள்ளாவியில் வைத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. துணி கிழிந்து கந்தலாகிற வரைக்கும் இருக்கும். “எங்க நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. அறுவது வீட்டுத் துணி ஒரே வெள்ளாவில வேவும். ஒண்ணு மாறாது” என்றார். கோடு தெருவுக்கு, புள்ளி வீட்டுக்கு. அது அவர்கள் குடும்பத்துக் கணக்கு. வேறு குடும்பத்தார் வேறு மாதிரி போடுவார்கள். இந்தச் சட்டையில் இருந்தது அவர்கள் வீட்டுக் குறி இல்லை. ஆனால் போட்ட கை பழகின கை என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் பாட்டிலை அப்போதுதான் மேஜையிலிருந்து நகர்த்தி வைத்தேன். கை நடுங்கியது. இன்னும் ஒரு வாரம் அவர் மேலே வராமல் இருந்திருந்தால், படிக்கத் தெரியாதவர் என்று உலகம் சொல்லும் ஒருவர் எழுதி வைத்த எழுத்தை, படித்த நான் கறை என்று சொல்லித் துடைத்து வீணாக்கப் பார்த்திருப்பேன்.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, பழையது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் சிவப்பு மையில் திருத்த வேண்டும். அப்படித் திருத்தி, தேதி போட்டு, சொன்னவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். “என் பேரு எதுக்கும்மா?” என்றார். மறுநாள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார்.

நான் அருங்காட்சியகம் பார்த்துப் பழகியது 1851இல் தொடங்கிய எழும்பூரிலும், 1948இல் திறந்த கோட்டை அருங்காட்சியகத்திலும்தான். கோட்டையில் ராணுவ அதிகாரிகளின் சீருடையும் பதக்கமும் கண்ணாடிக்குள் இருக்கும், கீழே யாருடையது என்று அட்டை இருக்கும். அட்டை எழுத வேண்டியவள் படித்தவள், பார்க்க வருகிறவர் தெரிந்துகொள்ள வருகிறவர் என்ற எண்ணம் அங்கிருந்துதான் எனக்குள் வந்திருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு அது பொருந்தாது. இங்கே விஷயம் தெரிந்தவர் வெளியில் வண்டி வைத்து நிற்கிறார்.

இதை நான் முழுதாகக் கற்றுக்கொண்டேன் என்றும் சொல்ல முடியாது. 2018இல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கத்தின் நூற்றாண்டு வந்தது. 1918 ஏப்ரல் 27, பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காக பி.பி.வாடியா தலைமையில், திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோர் முன்நின்று தொடங்கிய சங்கம். முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படுவது. சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது அப்போதைய முக்கியமான குறைகளில் ஒன்று. அந்தப் பலகைக்குக் கீழே மூன்று சாப்பாட்டுத் தூக்குகளை வைத்தோம். அது எனக்குப் பிடித்த கண்காட்சி, இரவெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். 1921 வேலைநிறுத்தத்துக்கும் ஒரு பத்தி இருந்தது. அதன் கடைசியில் ‘கலவரங்களும் நடந்தன’ என்று ஒரு வரி.

புளியந்தோப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எல்லாவற்றையும் நின்று படித்தார். திரும்பி வந்து அந்த ஒரு வரியில் விரல் வைத்தார். “எங்க ஆயா குடிசை எரிஞ்சது இதுல இல்லியேம்மா.”

1921இல் தொழிலாளர்கள் சாதி வழியாகப் பிரிந்துபோனார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைநிறுத்தத்தில் நிற்கவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. படித்து எனக்குத் தெரிந்த விஷயம்தான். கொண்டாட்டம் கெடக்கூடாது என்று ஒரு வரியில் அடக்கியிருந்தேன். இடம் போதவில்லை என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. “ஒரு வாரம் கூலி இல்லன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாதும்மா. ஊர்ல நிலமா இருந்துச்சு, போயி உக்கார?” என்றார். அதை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார்.

அதே அளவில் இன்னொரு பலகை செய்தோம். தாழ்வாரம் குறுகல், அதனால் இரண்டும் நேருக்கு நேராகத்தான் வந்தன. சங்கக்காரர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து, பழசைக் கிளறி ஒற்றுமையைக் கெடுக்கிறீர்கள் என்று பார்வையாளர் நோட்டில் எழுதிவிட்டுப் போனார். அவருடைய வருத்தமும் உண்மையானது. அந்தப் பக்கத்தை நாங்கள் கிழிக்கவில்லை. இரண்டாவது பலகையையும் எடுக்கவில்லை. அந்த மாத வாசல் பலகையில், ‘1921 பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?’ என்று மட்டும் எழுதினேன். நேரம், அனுமதி இலவசம் எதுவும் எழுதவில்லை. இரண்டு பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும் வந்தார்கள். சிலர் பேசாமல் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சட்டைக்குச் சொந்தக்காரர் யார் என்று இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும், சென்னை தினத்துக்கு ஊரெல்லாம் கூட்டம் நடக்கிற சமயத்தில், பலகையில் அந்தக் குறியைப் பெரிதாக வரைவேன். இரண்டு கோடு, இரண்டு புள்ளி. கீழே, ‘இது யார் வீட்டுக் குறி? தெரிந்தவர்கள் மேலே வந்து சொல்லவும்.’ அந்தக் குறியைத் தெரிந்தவர் யாரும் வரவில்லை. ஆனால் வந்தவர்கள் தங்கள் வீட்டுக் குறியைப் போட்டுக் காட்டினார்கள். அதற்காக ஒரு நோட்டு வைத்தோம். வட்டத்துக்குள் கோடு, திரிசூலம் மாதிரி ஒன்று, மூன்று புள்ளிக்கு மேலே ஒரு வளைவு. பக்கத்தில் தெரு பெயர், சொன்னவர் பெயர்.

நான் வேலையை விட்ட மாதம் கடைசியாக ஒன்று சேர்ந்தது. இஸ்திரி வண்டி அம்மாவின் பேத்தி, அப்போது எட்டாம் வகுப்பு, ஓடி வந்து பேனாவைக் கேட்டாள். பாதி போட்டுவிட்டு ஜன்னல் திரையை விலக்கி, “ஆயா, புள்ளி மேலயா கீழயா?” என்று கத்தினாள். கீழிருந்து, “கீழடி, கீழ” என்று குரல் வந்தது.