ஆரஞ்சு வெஸ்ட்டும் வான்கோழி சீசனும்

ஏப்ரல் 21, ஞாயிறு

வரும் சனிக்கிழமை பென்சில்வேனியாவில் சிறுவர்களுக்கான வான்கோழி வேட்டை நாள். பெரியவர்களுக்கு அதற்கு அடுத்த வாரம்தான் சீசன் தொடங்கும். மகளுக்குப் பதின்மூன்று வயது. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து உரிமமும் வாங்கிவிட்டாள், துப்பாக்கியோடு காட்டுக்குள் வரப்போவது இதுதான் முதல் முறை. அதனால் இன்று மதியம் கராஜில் இருந்த பையையெல்லாம் கொட்டி, எது இருக்கிறது எது இல்லை என்று பார்த்தேன்.

மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காகப் போடும் என் ஆரஞ்சு வெஸ்ட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தால் நிறம் செத்துப்போய் பீச் பழ நிறத்துக்கு வந்திருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த ஆரஞ்சு சாதாரணச் சாயம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உள்வாங்கி ஆரஞ்சு ஒளியாகத் திருப்பி விடும் சாயம், அதனால்தான் விடிகாலையிலும் மேகமூட்டத்திலும்கூட மற்ற நிறங்கள் மங்கும்போது இது மட்டும் எரிகிற மாதிரி தெரிகிறது. வெயில் பட்டுப் பட்டு அந்தச் சாயம் சிதைந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் துணிதான். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு இருவருக்கும் புது வெஸ்ட், புதுத் தொப்பி வாங்கி வந்தேன். கூடவே மரத்தில் கட்ட ஒரு முழ அகலத்தில் ஆரஞ்சுத் துணி.

ஏப்ரல் 24, புதன்

இன்று வேலையிடத்தில் ஒரு தம்பியிடம் பேசினேன். நம்ம திருநெல்வேலிப் பையன், முன்பு மான் வேட்டைக்கு என்னோடு வந்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணே, வான்கோழிக்குப் போய் ஆரஞ்சா? அது நம்மளை அரை மைல்லயே பாத்துரும்ணே" என்றான்.

அவன் சொல்வதில் பாதி சரி. மானின் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான். ஆரஞ்சும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. ஆகவே மான் சீசனில் தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு, நாலாபக்கமும் தெரிகிற மாதிரி போட வேண்டும் என்று சட்டம் வைத்தாலும் வேட்டைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வான்கோழி அப்படியில்லை. அதற்கு நான்கு வகைக் கூம்பு செல்கள், நிறத்தைப் பார்ப்பதில் நம்மைவிட ஒரு படி மேல். கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும். அதனால் வசந்தகால வேட்டையில் உட்காரும்போது காட்டோடு கலந்துபோகும் கேமோ உடைதான், முகத்துக்கும் கைக்கும்கூட உறை. இங்கே சட்டமும் இந்த சீசனுக்கு ஆரஞ்சைக் கட்டாயமாக்கவில்லை, நடமாடும்போது போடுங்கள் என்று மாநில வேட்டைத் துறை பரிந்துரைப்பதோடு சரி.

சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. உடம்பு முழுக்க இலை நிற உடை, முகம் தெரியாது, அதோடு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு பெட்டைக் கோழி மாதிரி குரல் கொடுக்கிறோம். பக்கத்தில் சேவல் பொம்மையும் வைத்திருக்கலாம். அதாவது இன்னொரு வேட்டைக்காரன் எதைத் தேடி வருகிறானோ அதன் சத்தத்தை நாமே போட்டுக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறோம். வேறு எந்த வேட்டையிலும் இந்த நிலை இவ்வளவு மோசமாக இல்லை. அவனும் தலையையும் கழுத்தையும் குறிவைத்துத்தான் சுடுவான், ஏனென்றால் வான்கோழியை அப்படித்தான் சுட வேண்டும்.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். உட்கார்ந்திருக்கும்போது ஆரஞ்சு உடம்பில் வேண்டாம். எழுந்து ஓர் அடி வைத்தாலும் வேண்டும். காட்டுக்குள் போகும்போது, இடம் மாறும்போது, பறவையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது. அந்த நேரங்களில் வான்கோழி நம்மைப் பார்ப்பது பற்றிக் கவலைப்பட ஒன்றுமே இல்லை, எப்படியும் நடக்கிறவனை அது பார்த்துவிடும்.

ஏப்ரல் 26, வெள்ளி

பக்கத்து வீட்டுப் பெரியவர் சாயங்காலம் வந்தார். எனக்கு இந்த வேட்டையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மகளின் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்தில் கட்டச் சிவப்புக் கைக்குட்டை ஒன்று வைத்திருந்தாள், அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். சேவலின் தலையில் சிவப்பும் வெள்ளையும் நீலமும் கலந்து இருக்கும், கோபம் வந்தால் இன்னும் கூடும். ஆகவே இந்த மூன்று நிறமும் உடம்பில் எங்கேயும் தெரியக் கூடாது, சாக்ஸ், உள்ளே போடும் டீ ஷர்ட் உட்பட. உட்காரும்போது பேன்ட் மேலே ஏறி வெள்ளை சாக்ஸ் தெரிந்தால்கூடப் போதும். கறுப்பும் கூடாது, அது சேவலின் உடல் நிறம்.

அவருடைய அப்பா காலத்தில் இந்த மலைப்பக்கத்தில் எல்லோரும் சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளி உடைதான் போட்டு வேட்டைக்குப் போவார்களாம். கிளின்டன் மாவட்டத்தில் வூல்ரிச் என்ற ஊரில் இருந்த ஆலைதான் அதற்குப் பேர் போனது. 1830இல் தொடங்கி, 2018இல் மூடப்பட்ட ஆலை. சிவப்பு பகலில் நன்றாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புதான். வேட்டை நடப்பதோ விடிகாலையிலும் அந்தியிலும். அதோடு ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவுக்குச் சிவப்பு பச்சை நிறக்குறைபாடு இருக்கிறது, அவர்களுக்குச் சிவப்பு உடை இலைகளோடு கலந்துவிடும். ஒளிரும் ஆரஞ்சு அவர்களுக்கும் தெரியும், நிறமாக இல்லாவிட்டாலும் பளிச்சென்ற வெளிச்சமாக.

இந்த ஒளிரும் சாயத்தைக் கொண்டுவந்தவர்கள் ஸ்விட்சர் சகோதரர்கள், பாப், ஜோ என்று இருவர். 1930களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆரம்பித்தார்கள். வேலையிடத்து விபத்தில் பாப் தலையில் அடிபட்டுக் கிடந்தபோது, வெளிச்சம் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் இருட்டறையில் இருக்க வேண்டி வந்ததாம். தம்பி ஜோவுக்கு மேஜிக் காட்டுவதில் ஆசை, புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும் பொருள்களைத் தேடிப் போனார்கள். பிறகு ஓஹியோவின் கிளீவ்லாந்தில் டே-க்ளோ கம்பெனி. மகள் இதைக் கேட்டுவிட்டுத் தன் வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு இருட்டில் வாசலில் போய் நின்று, "தெரியுதாப்பா?" என்று கேட்டாள். தெரியவில்லை. ராத்திரியில் திருப்பி விட ஒளியே இல்லையே. அதற்கு டார்ச் வேண்டும், டார்ச்சும் கட்டாயம் எடுத்துப் போகிறோம், அதை அணைக்காமல் நடப்போம்.

பெரியவரின் வலது தோளில் இன்னும் மூன்று ரவைகள் இருக்கின்றன. பல வருடம் முன்பு, தான் சுட்ட சேவலைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கும்போது, விரிந்த சிறகு ஆடுவதைப் பார்த்து யாரோ சுட்டுவிட்டார்கள். அவர் மகளிடம் சட்டையை விலக்கி அந்த இடத்தைக் காட்டினார். அதிகம் பேசவில்லை.

ஏப்ரல் 27, சனி

ராத்ராக் அரசுக் காடு. அதிகாலை நாலரைக்கே வண்டியை நிறுத்திவிட்டோம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்துதான் சுடலாம், மதியம் வரைக்கும். வெஸ்ட், தொப்பி, தலையில் டார்ச், மகள் முன்னால், நான் பின்னால்.

என் தோளைவிட அகலமான ஓக் மரமாகப் பார்த்து முதுகு சாய்த்து உட்கார்ந்தோம். பின்பக்கம் இருந்து வருகிறவன் சுட்டாலும் மரம் தாங்கும், பின்னாலிருந்து எங்கள் உருவம் கோழியாகவும் தெரியாது. உட்கார்ந்த பிறகு வெஸ்ட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். நான் ஆரஞ்சுத் துணியை எங்கள் தலைக்கு மேலே, மரத்தின் முன்பக்கத்தில் கட்டினேன். கோழி பார்த்து ஒதுங்கிப் போகாதா என்றால், போகலாம். சில நாள் போயிருக்கும். அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் நிறத்தைவிட அசையும் கைதான் அதை அதிகம் விரட்டுகிறது என்பது என் அனுபவம். அப்படியே ஒரு சேவல் போனாலும் போகட்டும், என் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆந்தை குரல் கொடுத்ததும் மலையின் மறுபக்கத்தில் ஒரு சேவல் பதில் கத்தியது. மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டியை (box call) எடுத்து மெதுவாக இழுத்தாள், அதுவும் இரண்டு தடவை பதில் சொன்னது, அப்புறம் பெட்டைகளோடு வேறு பக்கம் போய்விட்டது. எழுந்து போய்ப் பிடிக்கலாமா என்று கேட்டாள். கூடாது. இந்த மாநிலத்தில் வசந்த சீசனில் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் வேட்டை, சத்தத்தைத் தேடிப் பதுங்கிப் போவது சட்டவிரோதம். நீ பதுங்கிப் போகிற அந்தச் சத்தம் இன்னொரு மனிதனாக இருக்கலாம் என்று சொன்னேன். தலையாட்டினாள்.

மே 4, சனி

பெரியவர்களுக்கு முதல் நாள். வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம், இன்று கவனம் அதிகம் வேண்டும் என்று அப்போதே தெரிந்தது.

ஏழு மணி இருக்கும். மகள் குரல் கொடுத்து முடித்துச் சற்று நேரத்தில் இடது பக்கச் சரிவில் இலை நொறுங்கும் சத்தம். வான்கோழி நடந்தாலும் ஆள் நடந்தாலும் இந்தக் காட்டுச் சருகில் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான். மகள் துப்பாக்கியைத் தொடவில்லை, என்னைப் பார்த்தாள். புதர்களுக்கு நடுவே ஒரு தொப்பியின் விளிம்பு தெரிந்தது. ஆள். முழுக்க கேமோ.

இந்த நேரத்தில் கையை ஆட்டக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது, கோழி மாதிரி குரல் கொடுக்கவே கூடாது. அசைவு எல்லாம் அவன் எதிர்பார்த்து வந்ததாகவே தெரியும். அசையாமல் உட்கார்ந்தபடி, இருக்கிற தொண்டையெல்லாம் திறந்து "ஸ்டாப்! ஆள் இருக்கு!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவன் ஏற்கெனவே நின்றிருந்தான். துப்பாக்கி முனை தரையைப் பார்த்து இருந்தது.

இருபது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். பக்கத்தில் வந்து மன்னிப்புக் கேட்டான், கை நடுங்கியது. பெட்டைக் குரல் கேட்டது, சேவலும் கூட இருக்கும் என்று நினைத்து வந்தேன், மரத்தில் ஆரஞ்சைப் பார்த்ததும் நின்றுவிட்டேன் என்றான். நான் கத்துவதற்கு முன்பே. திட்ட வேண்டும் என்று எனக்கு எழுந்த கோபத்தை மகளுக்காக அடக்கிக்கொண்டு, சத்தத்தைத் தேடி வரக் கூடாது என்பதை மட்டும் நிதானமாகச் சொன்னேன். பையில் இருந்த இன்னொரு ஆரஞ்சுத் துணியை அவனுக்குக் கொடுத்தேன், வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் போனான். வெகு தூரம் போகும் வரை அது தெரிந்துகொண்டே இருந்தது.

இதற்குப் பிறகும் யாராவது என்னிடம் ஆரஞ்சு போட்டால் கோழி வராது என்று சொன்னால் நான் வாதாடப் போவதில்லை, இந்த நாளைச் சொல்வேன்.

மே 5, ஞாயிறு

மகளிடம் பேசினேன். பயமா இருந்ததா என்றால், "கொஞ்சம்" என்றாள். அடுத்த சனி வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். போகலாம், ஆனால் துணி இரண்டாக வேண்டும், மரத்தின் மறுபக்கத்திலும் ஒன்று, ஏனென்றால் அந்தப் பையன் பின்னால் இருந்து வந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டான் என்றாள். அம்மாவிடம் போய் தையல் மெஷினில் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்தும் வாங்கிக்கொண்டாள்.

மே 11, சனி

கிடைத்தது. ஒன்பது மணி சுமாருக்கு, பனி விலகிய பிறகு, சேவல் ஒன்று சத்தமே போடாமல் தனியாக வந்தது. நெஞ்சில் தாடி, அதாவது முடி போலத் தொங்கும் இறகுக் கற்றை, தெரிந்த பிறகுதான் மகள் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினாள், வசந்தத்தில் தாடி உள்ளதை மட்டும்தான் சுட அனுமதி. முப்பது கஜத்துக்குள் வரும் வரை காத்திருந்தாள். சுட்டதும் அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக.

ஓடிப் போய்த் தூக்க வேண்டும் என்று அவளுக்குத் துடிப்பு. முதலில் வெஸ்ட், தொப்பி, அப்புறம்தான் எழுந்திருப்பது. வேட்டை விவரம் எழுதும் டேக் அட்டையை நிரப்பிக் கோழியின் காலில் கட்டினோம். சிறகை உடம்போடு சேர்த்து, தலையும் வெளியே தெரியாமல் ஆரஞ்சுத் துணிகள் இரண்டாலும் இறுக்கிச் சுற்றினோம். சேவல் பொம்மையையும் பைக்குள் போட்டு மூடினோம், கையில் வெறுமனே தூக்கிப் போனால் அதுவும் தூரத்தில் கோழிதான். சுமார் எட்டுக் கிலோ இருக்கும், பாதி தூரம் அவள்தான் சுமந்தாள்.

வழியில் எதிரே வந்த ஒரு தம்பதி தூரத்திலேயே கையசைத்தார்கள். பெரியவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் பறவையைப் பார்க்கும் முன் சுற்றியிருந்த துணியைத்தான் தடவிப் பார்த்தார்.

நெஞ்சுக்கறி நாளை மிளகு வறுவல், கால் கறி கெட்டி, குக்கரில் நாலைந்து விசில் விட்டுக் குழம்பு வைக்க வேண்டும். வேட்டையைப் பத்து நாளுக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அதை இன்று இரவே ஆன்லைனில் அவளையே செய்யச் சொல்லியிருக்கிறேன்.