தேப்பன் பக்கத்தில நிக்கேக்கை

12.08.2025, செவ்வாய்

கச்சான் காத்து மூண்டு நாளாய் அடங்கேல்லை. வார்ட்டில எதைத் தொட்டாலும் புழுதி.

விடிய நாலரைக்கு ஒரு தேப்பன் மோட்டச்சைக்கிள் ஓட, பின்னுக்கு நெஞ்சைப் பிடிச்சபடி ஒரு பெடியன் வந்து இறங்கினான். 27 வயது. சிறுபோக வெட்டு நடக்குது. இரவிரவாய் நெல்லு வெட்டுற மெசின் ஓட்டுறவன். நெஞ்சு நோ, இடக்கைக்கும் இழுக்குதாம். "ரெண்டு நாளாய் நேரத்துக்குச் சாப்பாடில்லை மிஸ், வாயுதான்" எண்டார் தேப்பன். பெடியன் தலையாட்டினான். நானும் ஆட்டினன். அதை மறைக்கேலாது.

ஈசிஜி எடுக்கப் போனால் குமிழ் ஒண்டும் நெஞ்சில ஒட்டுதில்லை. வேர்வையோட நெல்லுச் சுணை அப்பிக் கிடக்கு. ஈரத்துணியால துடைச்சுத் துடைச்சு வைக்க, மூண்டாம் தரம்தான் கோடு ஒழுங்காய் வந்தது. துடிப்பு 128. கீழ இறங்கி வரவேண்டிய இடத்தில கோடு இறங்காமல் மேலேயே நிக்குது, நெஞ்சுக்கு முன்னால வைச்ச நாலு குமிழிலயும். வாயுவுக்கு இப்பிடிக் கோடு வராது, இது மாரடைப்பு மாதிரிக் கிடக்கு.

டொக்டர் ஓடி வந்தார். அஸ்பிரின் 300 மில்லிகிராம், சப்பி விழுங்கச் சொல்லிக் குடுத்தம். அம்புலன்ஸில நான்தான் கூடப் போனன். தேப்பன் மோட்டச்சைக்கிளில பின்னால.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில மற்ற வாகனங்கள் நிண்டு கும்பிட்டுப் போகும், அம்புலன்ஸ் நிக்காது. றைவர் ஒரு கையை மட்டும் எடுத்துக் கும்பிட்டார். அதிலதான் கேட்டன்: "தம்பி, இது பொலிசுக்கு இல்லை, மருந்துக்கு. இரவு என்ன இழுத்தனீங்கள்?"

கன நேரம் கூரையைப் பாத்தான். "பத்து மணிக்கு ஒண்டு, மூண்டு மணிக்கு ஒண்டு. கஞ்சா, சிகரெட் தூளோட கலந்து. அப்பாட்ட சொல்லாதேங்கோ மிஸ்."

வலி தொடங்கினது மூண்டரைக்கு.

13.08.2025, புதன்

நித்திரை. வேற ஒண்டும் எழுத இல்லை.

15.08.2025, வெள்ளி

(ஆளைத் தெரியக்கூடாது எண்டு சிலதை மாத்தித்தான் எழுதுறன். "எந்த ஊர்ப் பெடியன்?" எண்டு ஒருத்தரும் கேக்காதேங்கோ.)

ரெண்டு நாளாய் இதைத்தான் தேடி வாசிக்கிறன். கஞ்சாப் புகை உள்ள போய்ச் சில நிமிசத்திலேயே துடிப்பு ஏறுது, ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலயும் நிக்கும். இதயத்துக்கு வேலை கூட, ஒட்சிசனும் கூடத் தேவை. ஆனால் அதே புகையில வாற காபன் மொனொக்சைட்டு இரத்தத்தில ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பிடிச்சுக்கொள்ளுது. தேவை கூடுற நேரம் பார்த்து வரத்துக் குறையுது. இதுக்கு மேல இதயத்துக்குப் போற குழாய் இறுகிச் சுருங்கவும் கூடும். இவன் நித்திரையும் இல்லாமல், வெறும் வயித்தோட, புகையிலையையும் சேர்த்து இழுத்திருக்கிறான்.

2001 இல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில மாரடைப்பு வந்த 3,882 பேரைக் கேட்டிருக்கினம். கஞ்சா இழுத்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள மாரடைப்பு வாற ஆபத்து 4.8 மடங்கு எண்டு வந்தது. அந்த 4.8 ஐ எல்லாரும் எடுத்துச் சொல்லுகினம். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ள இழுத்தவை 9 பேர்தான் எண்டதை ஆரும் சொல்லுறேல்லை. அதனால நான் அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைச்சுத்தான் பாக்கிறன்.

என்னை இருத்தினது இந்த வருசம் வந்த ஆய்வு. 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட 46 லட்சம் பேரின்ர மருத்துவப் பதிவுகள். பிரசர் இல்லை, சீனி இல்லை, புகையிலையும் இல்லாத ஆக்கள். அதிலயும் கஞ்சா பாவிச்சவைக்கு மாரடைப்பு 6 மடங்குக்கு மேல. பழைய பதிவுகளைப் பாத்து எழுதினதுதான், வேற காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் "சின்ன வயசு, வருத்தம் ஒண்டும் இல்லை" எண்டு நாங்கள் விட்டுவிடுற ஆக்கள்தான் அந்த 46 லட்சமும்.

19.08.2025, செவ்வாய்

தேத்தண்ணி நேரம் எங்கட சிற்றூழியர் தம்பி சொல்லுறான், "கேரளாக் கஞ்சா எண்டாலும் இலைதானே அக்கா, ஐஸ் எண்டுற அந்த இரசாயனப் போதை மாதிரி இல்லை. ஆயுர்வேத மருந்திலயும் போடுகினம்." வைக்கோலும் இலைதான், பத்த வைச்சு மூக்கைக் குடுத்துப் பார் எண்டன். சிரிச்சான். ஐஸோட ஒப்பிட்டால் அவன் சொல்லுறது சரிதான். கடலால மூட்டை மூட்டையாய் வந்து இறங்கிறதைப் பிடிச்ச செய்தி ஒவ்வொரு கிழமையும் வருகுது. சனத்துக்கு அது பொலிசு, நேவி, நீதிமன்றம், பிணை சம்பந்தப்பட்ட விசயம். நெஞ்சு நோவோட ஆரும் அதைச் சேர்த்து நினைக்கிறேல்லை. நானே நினைக்கேல்லை, 19 வருசம் சேவிஸ்.

22.08.2025, வெள்ளி

பெடியன் தப்பிட்டான். இரத்தக்கட்டி கரைக்கிற மருந்து நேரத்துக்கு ஏறினதாம். பிறகு யாழ்ப்பாணத்தில அஞ்சியோ (இதயக் குழாயைப் படம் பிடிச்சுப் பாக்கிறது) செய்து பாக்க, குழாயில பெரிசாய் அடைப்பில்லை. கட்டி வந்து கரைஞ்சிருக்கலாம், குழாய் சுருங்கிப் பிடிச்சிருக்கலாம். இதயத்தின்ர முன்பக்கத்தில கொஞ்சம் பழுதாகிட்டுது, கிளினிக்குக்குத் தொடர்ந்து போகவேணும்.

தேப்பன் ரெண்டு இளநியோட வந்தவர். "வாயு எண்டு நினைச்சிட்டன் மிஸ்" எண்டு மூண்டு தரம் சொன்னார். மகன் சொன்னவனோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் சொல்லேல்லை.

24.08.2025, ஞாயிறு

பின்னேரம் இன்னொருத்தன், 22. நெஞ்சு நோ. தாய் கையைப் பிடிச்சபடி நிக்கிறா. "அம்மா, கன்ரீனில ஒரு தண்ணிப் போத்தல் வாங்கிக்கொண்டு வாங்கோ" எண்டு அனுப்பிப்போட்டுத் திரையை இழுத்தன். சிகரெட், கஞ்சா, வேற குளிசை, கடைசியாய் எத்தினை மணிக்கு எண்டு ஒண்டொண்டாய்க் கேட்டன். பெடியன் முழிக்கிறான். "ஒண்டும் இல்லை மிஸ், நேற்று எழுபது மூட்டை ஏத்தினனான்."

ஈசிஜி வடிவாய் இருக்கு. விலாவில விரலை வைச்சு அமத்தக் கத்தினான். தசைப்பிடிப்பு. எண்டாலும் டொக்டர் ரெண்டாவது ஈசிஜியும் பாத்துத்தான் விட்டவர்.

தாய் தண்ணிப் போத்தலோட ஒரு பணிசும் வாங்கி வந்தவ. அது எனக்காம்.