2.3ஆ, 3ஆ

"அண்ணா, ஸ்விஃப்ட் 2.3லயே நிப்போம், 3 இப்ப வேணாம்"னு டீம்ல இருந்த ஜூனியர் பொண்ணு சொன்னதுக்கு நான் குடுத்த பதில்தான் இன்னும் உறுத்துது. 2016ல எக்ஸ்கோட் 8 (ஐஃபோன் ஆப் எழுதற ஆப்பிளோட டூல்) வந்தப்போ, அதுல நாங்க எழுதற ஸ்விஃப்ட் மொழில ரெண்டு வழி இருந்துச்சு, 2.3னா கொஞ்சமா தொட்டா போதும், 3னா மொத்தமா மாத்தணும். பாதி பாதியா போகவும் முடியாது, ஒரு வெர்ஷன்ல கம்பைல் பண்ண மாட்யூல (கோடோட ஒரு தனிப் பகுதி) இன்னொண்ணு ஏத்துக்காது, அதனால கோகோபாட்ஸ்ங்கற டூல்ல இழுத்து வச்சிருக்கற, மத்தவங்க எழுதின லைப்ரரி எல்லாமே சேர்ந்துதான் நகரணும்.

"இதுதான் கடைசி, இதுக்கப்புறம் பழைய கோட உடைக்க மாட்டாங்க"ன்னேன். அந்தப் பொண்ணு விடல. "பைனரி ஸ்டெபிலிட்டியும் (ஒரு வெர்ஷன்ல கம்பைல் பண்ணது அடுத்த வெர்ஷனோடயும் சேர்ந்து ஓடறது) 3ல வரும்னுதான் சொன்னாங்க, மே மாசம் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்களே, இத மட்டும் எப்டிண்ணா நம்பறது?" எங்கிட்ட பதில் இல்ல. "பாத்துக்கலாம்மா"ன்னேன். சீனியர் அப்டி சொன்னா பேச்சு முடிஞ்சிரும், தெரிஞ்சேதான் சொன்னேன்.

அப்புறம் 3க்கு மாத்தற வேலை. பேரெல்லாம் சுருங்குச்சு: ரெட்கலர்னு இருந்தது வெறும் ரெட் ஆச்சு, என்எஸ்யூஆர்எல் யூஆர்எல் ஆச்சு, சி ஸ்டைல் ஃபார் லூப் போச்சு (அது போனதுல வருத்தமில்ல, ஒண்ணு கூட்டற ++ போனதுக்குத்தான் இன்னும் கடுப்பு). ஆப்ஷனல (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்ங்கற வகை) ஒப்பிடற < குறியவும் எடுத்துட்டாங்களா, பழைய கோட தானா மாத்தற மைக்ரேட்டர் என்ன பண்ணுச்சுன்னா அதுக்கு ஒரு ஃபைல்பிரைவேட் ஃபங்ஷன (அந்த ஃபைலுக்குள்ள மட்டும் செல்லறது) எழுதி, மேல ஃபிக்ஸ்மீன்னு, அதாவது இத அப்புறம் சரிபண்ணுன்னு, ஒரு கமெண்டும் போட்டு, தேவைப்பட்ட ஃபைல்ல எல்லாம் ஒட்டி வச்சிருச்சு. அதையெல்லாம் உக்காந்து பிரிச்சது அந்தப் பொண்ணுதான், நான் இல்ல.

முடிவு சரிதான்னு நிரூபிக்க எங்கிட்ட ஆதாரம் இருக்கு. 2017 மார்ச்ல எக்ஸ்கோட் 8.3 வந்தப்போ 2.3 சப்போர்ட்டையே தூக்கிட்டாங்க, அதே வருஷம் ஸ்விஃப்ட் 4 வந்தப்போ 3ல எழுதின கோடு அப்படியே கம்பைல் ஆகற மோடு வந்துச்சு. ஆனா பைனரி ஸ்டெபிலிட்டி 2019ல 5 வந்தப்புறம்தான் வந்துச்சு, அதனால அந்தக் கேள்வியும் நியாயமானதுதானே? நான் சொன்னது நடந்துச்சு, நடக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சான்னா, இல்ல.

மொழி பண்ணவங்க மேலயும் முழுசா கோவப்பட முடியல. 2014ல வந்த மொழி, கோடு கம்மியா இருக்கறப்பவே உடைக்கறதுதான் மலிவு. ஆனா அந்தக் கணக்குல எங்க ரிலீஸ் தேதி வராதே.

இப்ப ஸ்விஃப்ட் 6ல மாட்யூல் மாட்யூலா மாறலாம், அவசரமில்லன்னா 5 மோட்லயே நிக்கலாம், நானே எங்க டீம்ல நிப்போம்னுதான் சொல்லிருக்கேன். இந்த வசதி 2016ல இருந்திருந்தா சண்டையே வந்திருக்காது. ஆனா இருந்திருந்தா, யாரும் மாறாம அந்த நீட்ட நீட்டமான பேர்களோடயே இன்னிக்கும் எழுதிட்டிருப்போமோன்னும் தோணுது.